அடித்தட்டுக் கேள்வி

எங்கள் வீட்டில் பிறந்தநாள் காலண்டர் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். டெவென்டர் ஊரில் எல்லார் வீட்டிலும் அங்கேதான் தொங்கும். உட்கார்ந்த நேரத்தில் இந்த வாரம் யாருக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. நான் முதலில் கை வைத்தது அதில்தான்.

எழுதித் தரச் சொன்னீர்கள், டாக்டர். நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். நாற்பத்தோரு வருடம் சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் ஒட்டினேன். தாளை நான் நம்புவதில்லை. எழுதியவன் ஒன்று நினைப்பான், படிக்கிறவன் வேறொன்று எடுத்துக்கொள்வான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன்.

என் மனைவி ஹெஸ்டரின் வேலை மனிதர்களின் மூளையை அளப்பது. கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும். தப்பாகச் சொன்னால் அடுத்தது சுலபமாக வரும். இப்படியே ஏறி இறங்கி, உங்கள் மட்டம் இதுதான் என்று எந்திரம் ஓரிடத்தில் நின்றுவிடும். நாங்கள் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது போலத்தான். முதலில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தாள். பிறகு ஞாபக மறதி நோய்க்கு ஒன்று செய்தாள். உங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பது அதுதான்.

புதுக் கேள்விகளைச் சமையலறை மேசையில் வைத்து என்னிடம்தான் முதலில் கேட்டுப் பார்ப்பாள்.

"நாலு படத்தையும் பாரு ஹார்ம். கரண்டி, முள்கரண்டி, கத்தி, சிமெண்ட் பூசற கரணை. எது சேராது?"

"கரணை. ஆனா அதுலயும் நான் சாப்பிட்டிருக்கேன்."

"அதையெல்லாம் எழுத இதுல இடமில்ல. சரியா சொல்லிட்ட, அப்ப இது அடித்தட்டு."

நான் சரியாகச் சொன்னால் அந்தக் கேள்வி மிகச் சுலபமானவற்றுக்கான கடைசிப் பெட்டிக்குப் போகும். அவர்கள் அலுவலகத்தில் அந்தப் பெட்டிக்கே என் பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரிந்தது அவள் ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்தில்தான். சீட்சே என்று அவளோடு வேலை பார்த்தவர், கையில் கோப்பையோடு என் தோளைத் தட்டினார்.

"இவர்தான்ப்பா எங்க தரைமட்டம். இவருக்குக் கீழ அளக்க எங்ககிட்ட கேள்வியே கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். ஹெஸ்டரும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மார்ச்சில் அவளுக்குச் சுரபாயாவிலிருந்து அழைப்பு வந்தது. அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு தேர்வைப் புதிதாக அமைத்துத் தர வேண்டுமாம். இரண்டு வருடம்.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ அங்க வந்து என்ன பண்ணுவ? வெயிலு தாங்க மாட்ட. பேச ஆளும் இருக்காது. வீட்டைப் பாத்துக்கோ, கிழவா."

அன்பாகத்தான் சொன்னாள். எழுபது வயதில் ஒரு பெண் அவ்வளவு தூரம் தனியாகப் போவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. நான் செய்ததெல்லாம் அதைத் தடுக்கத்தான்.

ஸ்வோலெவில் ஆல்டா என்று அவளுக்கு ஒரு சிநேகிதி. காலண்டரில் ஒன்பதாம் தேதியில் இருந்த ஆல்டாவின் பெயரை அழித்துப் பத்தொன்பதில் எழுதினேன். ஹெஸ்டரின் கையெழுத்து எனக்கு வரும். பத்தாம் தேதி காலையிலேயே ஆல்டா போன் செய்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"எழுபது வயசு ஒரு தடவதான்டி வரும். உனக்குன்னு ஒரு துண்டு கேக்கை எடுத்து வெச்சிட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

ஹெஸ்டர் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிறகு சைக்கிள். ஸ்டேஷன் சைக்கிள் கொட்டகையில் ஆயிரக்கணக்கில் நிற்கும். மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. அவள் ரயில் ஏறியதும் இரண்டு வரிசை தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருப்பேன். முதல் மூன்று முறை தேடிக் கண்டுபிடித்தாள். நான்காம் முறை மழையில் நடந்தே வந்தாள்.

"திருடிட்டானா?" என்று கேட்டேன்.

"இல்ல. அங்கதான் இருக்கும். நான்தான் எங்கயோ வெச்சிட்டேன்."

தலையைத் துவட்ட நான்தான் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளேதான் சொன்னாள்: "பயந்துட்டு உக்காந்திருந்தா ஆகாது. அளந்து பாத்துடுவோம்."

முதல் ஐந்து கேள்விகளில் எந்திரம் எட்டி எட்டிக் கால் வைக்கும், அதற்குப் பிறகுதான் சின்ன அடி வைக்கும் என்று அவள் எனக்குப் பல தடவை விளக்கியிருக்கிறாள். ஆகவே அந்த ஐந்தில் மட்டும் அவள் தவறினால் எனக்குப் போதும். என் முதுகுவலிக்குத் தந்த தூக்க மாத்திரையில் ஒன்றரையைப் பொடித்து அவள் காலைக் காப்பியில் கலந்தேன். எப்போதும் போல ஒரு பிஸ்கட் வைத்து டப்பாவை மூடினேன். அவள் முழுவதும் குடித்தாள்.

தேர்வு அறையில் அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தீர்கள். அவள் இரண்டு முறை கொட்டாவி விட்டாள். முதல் கேள்வி தப்பாயிற்று. இரண்டாவது, மூன்றாவது. ஆறாவதாகத் திரையில் நான்கு படம் வந்தது. கரண்டி, முள்கரண்டி, கத்தி, கரணை.

மற்றவர்களுக்குக் கேள்வி சுலபமாகிவிட்டது என்று தெரியாது. ஏதோ நன்றாகச் செய்கிறோம் என்றே நினைப்பார்கள். அவளுக்கு ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று தெரியும். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஹார்ம், இது உன் கேள்வி."

நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவள் படிக்காமலே எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள். தொடக்கத்தில் தடுக்கினாலும் ஒழுங்காகப் பதில் சொன்னால் எந்திரம் மறுபடி மேலே தூக்கிவிடும். இதையும் எனக்குச் சொன்னவள் அவள்தான். அன்று அவள் ஏன் முயற்சி செய்யவில்லை என்பதை நீங்கள் அவளிடம்தான் கேட்க வேண்டும். என் பங்கு அந்த ஐந்து கேள்விகள் வரைக்கும்தான்.

சுரபாயாவுக்கு வரவில்லை என்று எழுதினாள். இனி தனக்காக நானே முடிவு செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டாள். தனியாக வெளியே போவதை விட்டாள். எதை உடுப்பது என்று கூட என்னைக் கேட்டாள். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக என்றும் இருந்ததில்லை.

பிறகு தேர்வன்று எடுத்து வைத்த ரத்தத்தில் மாத்திரையைக் கண்டுபிடித்தீர்கள். இரண்டாம் முறை தேர்வு வைத்தீர்கள். நோயே இல்லை என்றீர்கள். அவள் உங்களுக்கே பாடம் நடத்தியது நினைவிருக்கும்: "ஒரு தடவ எழுதினவங்களுக்கு ரெண்டாவது தடவ மார்க் ஏறும் டாக்டர். அது பழக்கம். அதை நம்பக் கூடாது." ரத்தத்தைப் பற்றியும் அப்படித்தான்: "மறதியில நானே அவன் மாத்திரையை எடுத்து முழுங்கியிருப்பேன்."

உண்மையை நானே அவளிடம் சொல்ல வேண்டும் என்றீர்கள். சொன்னேன். காப்பி நேரத்தில் எதிரே உட்கார்ந்து காலண்டர், சைக்கிள், ஒன்றரை மாத்திரை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ரொம்ப நல்லவன்டா. என்னைத் தேத்தறதுக்குன்னு இவ்வளவு ஜோடிச்சிருக்க. டாக்டர் சொல்லிக் குடுத்தாரா? முதல் அஞ்சு கேள்வி, மாத்திரை... இவ்வளவு தூரம் யோசிக்க உனக்கு எங்க வரும்? உன் மட்டம் எனக்குத் தெரியாதா, ஹார்ம்?"

நான் வற்புறுத்தவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நம்பாதது என் குற்றமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, இன்று என்ன கிழமை என்று கேட்டாள். அன்று புதன்கிழமை.

வியாழன் என்று சொன்னேன்.