நூற்றுப் பதினேழு வோல்ட்

இந்தப் பெண்ணுக்குக் குளிர்கிறதே, ஒரு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுக்கலாமா என்றுதான் நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் சீருடையில் வந்தவரிடம் அப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. வெளியே அரிசோனாவின் ஜூலை. வெறும் கையால் கார்க் கதவைத் தொட முடியாது. இந்தத் தகர ட்ரெய்லருக்குள் நான் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

வந்ததும் ஏசியை நிறுத்தச் சொன்னீர்கள், ரெக்கார்டரில் இரைச்சல் விழுகிறது என்று. நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். நீங்களும் வற்புறுத்தாமல் ரெக்கார்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். நல்ல வளர்ப்பு. ஒர்டேகா என்றுதானே சொன்னீர்கள்? உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் முப்பது வருடம் சூதாட்ட விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நீராவி இஸ்திரி மெஷின். மேலே விளையாட வந்தவர்களுக்கு எலும்பு நடுங்கக் குளிரூட்டியிருப்பார்கள். கீழே எங்களுக்கு ஒரு மின்விசிறி. அது வெந்நீர் ஊற்றுகிற மாதிரி காற்று வீசும். மேலேயிருந்து விரிப்புகள் குளிர்ந்து வரும். முதல் மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன், ஒரு கணம். வேலையை விட்டு நின்றபோது நான் விரும்பியது, அந்தக் கணம் நாள் முழுக்க நீள வேண்டும் என்பதைத்தான்.

என் கணவர் ரஸ் இறந்த அதே கோடையில் எங்கள் பழைய ஏசியும் எரிந்துபோனது. வோல்டேஜ் குறைந்த நேரத்திலும் அவர் அதை ஓடவிட்டிருந்தார். இரண்டில் எதற்காக அதிகம் அழுதாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

அதன் பிறகு கூரையில் இந்தப் புது ஏசியை வைத்தேன். கூடவே கரன்ட் பெட்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஒரு மஞ்சள் காவல் பெட்டி. எத்தனை வோல்ட் வருகிறது என்ற எண் உள்ளே இந்தச் சின்னத் திரையில் தெரியும். இங்கே நூற்றிருபது வோல்ட் வர வேண்டும். நூற்று நாலுக்குக் கீழே இறங்கினால் பெட்டி தானே கரன்ட்டை வெட்டிவிடும். குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் திணறிச் சூடாகும், சுருள் கருகும். பெட்டி வெட்டினால் மெஷின் பிழைக்கும். ஆனால் உள்ளே இருப்பவள் வேக வேண்டியதுதான். பெட்டி செய்தவர்கள் மெஷினைத்தான் நினைத்திருக்கிறார்கள். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

இந்த மெஸ்கீட் பென்ட் ட்ரெய்லர் பார்க் உங்களுக்குத் தெரிந்த இடம்தான். குளிர்காலத்தில் வடக்கே பனிக்குத் தப்பி மினசோட்டாக்காரர்களும் கனடாக்காரர்களும் வந்து நிரப்புவார்கள். கோடையில் போக வேறு இடமில்லாதவர்கள் மட்டும் மிஞ்சுவோம். கோடையில் யாரும் தங்க மாட்டார்கள் என்ற நினைப்பில் அந்தக் காலத்தில் இழுத்த கம்பிகள். என் இடம் வரிசையின் கடைசியில் இருக்கிறது. வருகிற கரன்ட்டை முன்னால் இருப்பவர்கள் குடித்து முடித்து, மிச்சம்தான் எனக்கு. மேனேஜர் ராய்ஸிடம் நான் சொல்லாத நாளில்லை.

"எல்லாரும் ஒரே நேரத்துல ஏசி போட்டா நான் என்ன பண்றது டார்லீன்? சூரியன்கிட்டப் போய்ப் புகார் குடுங்க" என்பார்.

போன கோடையில் பக்கத்து இடம் காலி. சமாளித்தேன். இந்த மே மாதம் மார்லா அம்மாவோடு வந்து சேர்ந்தாள். எங்கள் இரண்டு இடத்துக்கும் ஒரே கரன்ட் பெட்டி. இடது பக்க ஸ்விட்ச் என்னுடையது, வலது பக்கம் அவர்களுடையது. பூட்டு கிடையாது. அடுத்தவர் ஸ்விட்சைத் தொடுவது இங்கே அடுத்தவர் ஃப்ரிட்ஜைத் திறந்து தின்பது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள். அதனால்தான் பூட்டு கிடையாது.

மார்லாவுக்கு நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் சமையல் வேலை. வந்த அன்றே கை குலுக்கினாள். "எங்கம்மா யூனிஸ். இடுப்பு எலும்பு ஒடஞ்சு இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கா, வாக்கர் வேணும். தொந்தரவு பண்ணினா சொல்லுங்க டார்லீன். பேச ஆரம்பிச்சா ரேடியோதான், நிறுத்தப் பட்டன் கெடையாது."

"கேட்டுச்சுடி" என்றது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். "போனது இடுப்புதான், காது இல்ல."

எனக்கு யூனிஸைப் பிடித்திருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வெறுப்பில் நடந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஆனால் அவர்களுடைய ஏசி மிகப் பழையது. அது கிளம்பும்போதெல்லாம் என் பெட்டியில் எண் சரியும். நூற்றுப் பத்து, நூற்றெட்டு, நூற்றைந்து. எண் இறங்க இறங்க என் தலைக்கு மேலே மெஷினின் சத்தம் மாறும். ஒரு முனகல். சுமை தூக்குகிற பிராணி முனகுமே, அப்படி. எனக்குப் பல் கூசும். நான் வேறு வழி தேடியிருக்கலாம்தான். நூலகம் பகலெல்லாம் குளிராக இருக்கும், பஸ்ஸும் போகிறது. ஆனால் நான் அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் இதை யார் பார்த்துக்கொள்வது?

முதல் முறை ஸ்விட்சைத் தட்டியது சோதனைக்குத்தான். மார்லா வேலைக்குப் போயிருந்தாள். வலது பக்க ஸ்விட்சை அணைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தேன். எண் ஏறிக்கொண்டிருந்தது. முனகல் நின்று மெஷின் மூச்சு விட்டது. நானும் விட்டேன். அன்று சாயங்காலம் மார்லா வருவதற்கு முன்னால் போட்டுவிட்டேன். மறுநாளும் அணைத்தேன், திரும்பப் போட மறந்துவிட்டது.

மார்லா என் கதவைத் தட்டினாள். "ஸ்விட்ச் விழுந்திருந்துச்சு டார்லீன். அம்மா பாதி வெந்துட்டா."

"பாதியில்லடி, முக்காவாசி" என்றாள் யூனிஸ் அங்கிருந்தே. முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. "உப்பு போட்டாப் பரிமாறலாம்."

"உங்க ஏசி பழசு, கரன்ட் நெறைய இழுக்கும். அதான் ட்ரிப் ஆகுது" என்றேன் நான். பொய் என்று சொல்ல முடியாது. பழசுதான்.

மார்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு உதவி பண்ணுவீங்களா? நான் இல்லாதப்ப மறுபடி விழுந்தா நீங்க தட்டி விட்டுடுங்களேன். அம்மாவால படி எறங்க முடியாது. வேற யாரையும் நான் நம்பல."

ஒத்துக்கொண்டேன். முடியாது என்று எப்படிச் சொல்வது?

அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. வெயில் ஏறி எண் சரியும்போது அணைப்பேன். மலைக்குப் பின்னால் வெயில் சாயும்போது போய்ப் போடுவேன். நான் போடுவதை மட்டும் யூனிஸ் பார்ப்பாள். அணைக்கும்போது பெட்டியின் அந்தப் பக்கம் நிற்பேன், அங்கே அவள் ஜன்னல் கிடையாது. கரன்ட் வந்ததும் ஜன்னலில் வந்து எனக்கு முத்தம் ஊதுவாள். "நீ மட்டும் இல்லன்னா நான் கருவாடு, கண்ணு" என்பாள். மார்லா சனிக்கிழமைகளில் சீமைச் சுரைக்காய் போட்ட இனிப்பு ரொட்டி சுட்டுக் கொடுப்பாள். நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

உங்கள் முகம் மாறுகிறது. மனிதர்கள் நன்றி சொல்வது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று, ஒர்டேகா. ரஸ் சொன்னதில்லை. விடுதியில் யாரும் சொன்னதில்லை. யூனிஸின் நன்றியை நான் ஏமாற்றி வாங்குகிறேன் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தினமும் நான் நிஜமாகவே எழுந்து போய், நிஜமாகவே ஸ்விட்சைப் போட்டேன் அல்லவா? எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த நல்லது எல்லாம் அந்த ஸ்விட்சால்தான் வந்தது. அணைக்காமல் இருந்திருந்தால் அவள் என்னைப் பார்த்துக் கை அசைத்துக்கூட இருக்க மாட்டாள்.

ஜூலை நாலு சுதந்திர தின விடுமுறைக்கு, வண்டிக்குப் பின்னால் படகை இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு வருகிற படகுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். ஒரு இடம் பாக்கியில்லை. பெரிய பெரிய வண்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஏசி. காலையிலேயே எண் சரியத் தொடங்கிவிட்டது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் என் காவல் பெட்டி கரன்ட்டை வெட்டியது. இந்தக் கோடையில் அதுவரைக்கும் ஒருமுறைகூட வெட்டியதில்லை. அந்த மௌனத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சலவைக்கூடம் திரும்பி வந்து என் மேல் உட்கார்ந்தது.

போய் வலது பக்கத்தை அணைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். காத்திருந்தேன். எண் மெல்ல ஏறி நூற்றேழில் நின்றது. பெட்டி மறுபடி கரன்ட்டை விட்டது. அந்த ஒரு ட்ரெய்லருக்குக் கரன்ட் விட்டால் மறுபடி வெட்டிவிடும். அதனால் அன்றைக்கு நான் போடவில்லை. மார்லாவுக்கு விடுமுறைக் கூட்டம், இரட்டை வேலை. வெயில் சாய்ந்த பிறகும் படகுக்காரர்கள் ஏசியை நிறுத்தவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஸ்விட்ச் தானாக விழுந்தால் நடுவில் நிற்கும், கையால் அணைத்தால்தான் முழுக்க அந்தப் பக்கம் போகும் என்று ராய்ஸ் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது சரி. வேலை முடிந்து வந்து மார்லா பார்த்தபோது முழுக்க அணைந்திருந்தது. படகுக்காரர்களின் குடிகாரப் பையன்கள் யாராவது விளையாட்டாகச் செய்திருக்கலாம் என்று நீங்களே எனக்கு ஒரு வழி எடுத்துக் கொடுத்தீர்கள். நல்ல மனசு. ஆனால் அந்தப் பையன்களுக்கு எந்த ஸ்விட்ச் எதற்கு என்றே தெரியாது. செய்திருந்தால் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டிருப்பார்கள். இவ்வளவு கவனமாக யார் செய்வார்கள்?

இன்னொன்றும் சொன்னீர்கள். யூனிஸ் அவள் ட்ரெய்லர்ப் படியில் விழுந்து இறந்து கிடந்தாள். உள்ளே வெக்கை தாங்காமல் படியிறங்க முயன்றிருக்கிறாள், இறங்கும்போதே மயங்கியிருக்கிறாள், பாவம் யாரையும் கூப்பிடக்கூட முடியவில்லை என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மார்லாவும் அப்படியே நம்பிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அவள் இறங்கிக்கொண்டிருக்கவில்லை. திரும்பி ஏறிக்கொண்டிருந்தாள்.

அன்று வாக்கர் சரளைக்கல்லில் உரசுகிற சத்தம் எனக்கு முதலிலேயே கேட்டது. யார் என்று தெரிந்துவிட்டது. வெகுநேரம் எடுத்தது அவளுக்கு. அந்த நேரம் முழுக்க நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவில் மோதிரத்தால் தட்டினாள். ஒரு விரல் அகலம் திறந்தேன்.

அவள் முகத்தில் வேர்வையே இல்லை. உலர்ந்துபோயிருந்தது. சலவைக்கூடத்தில் பார்த்திருக்கிறேன், வெக்கை மூளைக்கு ஏறிய அடையாளம் அது என்று எனக்குத் தெரியும். சிரித்தாள்.

"பாத்தியா, நானே படி எறங்கிட்டேன். மார்லாகிட்டச் சொல்லாத, திட்டுவா" என்றாள். "கரன்ட் போயிடுச்சு கண்ணு. நீ தூங்கிட்டே போலிருக்கு. அந்த ஸ்விட்ச மட்டும் தட்டி விடேன்."

"இன்னிக்கு வேண்டாம் யூனிஸ். வோல்டேஜ் ரொம்பக் கம்மி. உங்க ஏசி எரிஞ்சிடும்."

"அப்படியா." கொஞ்சம் யோசித்தாள். கதவிடுக்கு வழியாகக் குளிர் அவள் முகத்தில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். விரிப்பில் முகம் புதைத்தபோது எனக்கு இருந்திருக்கும் முகம். "அப்ப உன் வீட்ல செத்த நேரம் உக்காந்துக்கட்டா? பேச மாட்டேன். சத்தியமா வாயத் தெறக்க மாட்டேன்."

கதவைத் திறந்தால் வெக்கை உள்ளே வரும். மெஷின் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். எண் இறங்கும். அதையெல்லாம் அவளுக்கு விளக்க எனக்குப் பொறுமை இருந்தது, ஆனால் விளக்கி முடிக்கிறவரைக்கும் கதவு திறந்தே இருக்கும்.

"அப்பறமா வாங்க" என்றேன்.

"சரி கண்ணு. எழுப்பிட்டேன், மன்னிச்சுக்கோ" என்றாள்.

வாக்கர் சத்தம் போய்க்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் மெஷினின் சத்தம் மட்டும்தான். அன்று அது ஒரு தடவைகூட முனகவில்லை.

இவ்வளவுதான். நேற்று மார்லா ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அவள் தங்கை ஊருக்குப் போய்விட்டாள். பக்கத்து இடம் காலி. அந்த எண்ணைப் பாருங்கள், நூற்றுப் பதினேழு. இந்த வரிசையில் ஜூலை மாதத்தில் இப்படி நான் பார்த்ததேயில்லை.

கடைசியில் சொன்னது ரெக்கார்டரில் சரியாக விழவில்லை, கதவருகே நடந்ததை மட்டும் திரும்பச் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் ஏசியை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். பாவம், விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொள்கிறீர்கள். அந்த ஸ்வெட்டர் உங்களுக்குப் பின்னால்தான் தொங்குகிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்த வேண்டாம். அடிக்கடி நிறுத்திப் போட்டால் கம்ப்ரசருக்கு ஆகாது. நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.