கோழிக்குப் பிடிக்க வேண்டிய சைலன்சர்

முன்பெல்லாம் பல்லடம் பஸ்ஸில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். இன்று என் முன்சீட்டுக்காரர் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்கிய சைலன்சரை வைத்திருந்தார்.

"ஏனுங்க, சைலன்சருக்கு ரெண்டரை இஞ்சுப் பைப்பு போட்டா வண்டி பறக்குமே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பறந்துச்சுங்க. அந்தச் சத்தத்துல நம்ம பண்ணைக்கோழி முட்டையிடறத நிறுத்திப்போடுச்சு. காரா கோழியான்னு கேட்டுப்போட்டா ஊட்டுக்காரி."

"அப்ப ஒண்ணரை இஞ்சு?"

"முட்டை வந்துச்சு. வண்டி மேடு ஏறலீங்க. இது ரெண்டு இஞ்சு. நான் ஸ்டார்ட் பண்ணுவேன், அவ பண்ணைக்குள்ள நின்னு கோழி மொகத்தப் பாத்துச் சொல்லுவா."

"கோழி பயந்துச்சுன்னா?"

அவர் சைலன்சரை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"கோழிய வித்துப்போடலாம்னு இருக்கேனுங்க. ஊட்ல சொல்லிப்போடாதீங்க."