பதினான்கு மாதம் முன்பே

கை கழுவாமல் சாப்பிட உட்காருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இருபது வருடமாக ஊரார் ரத்தத்தோடு புழங்கியும் அந்த வாடை எனக்குப் பழகவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை ஐயா, கொஞ்சம் அருவருப்புப் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

நான் உருவாக்கியது ஒரு விரல் நீளப் பட்டை. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராத தங்கத் துகள்களை அதில் பூசியிருப்போம். ஒரு சொட்டு ரத்தம் விட வேண்டும். அவ்வளவு நுண்ணிய தங்கம் சிவப்பாகத்தான் தெரியும்; கணையத்தில் புற்றுநோய் முளைவிட்டிருந்தால் அந்தச் சிவப்பு நீலமாகிவிடும். வலி வந்து மருத்துவரிடம் ஓடுவதற்குள் கைமீறிப் போகிற நோய் அது. அதை முன்கூட்டியே பிடிப்பதுதான் பட்டையின் வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் ரத்தமும் தேவைப்பட்டது. என் அக்கா கொடுத்தாள். அம்மா போனபின் என்னை வளர்த்தவள், நான் கேட்டு எதையும் மறுத்ததில்லை. அவளுடைய பட்டை நீலமானது. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் நீலம்.

அன்றே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் உடனே ஸ்கேன் எடுத்து, கட்டியைக் கண்டுபிடித்து, அறுத்து எறிந்துவிடுவார்கள். என் பட்டை எத்தனை மாதம் முந்துகிறது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். 'முன்பே' என்று நிரூபிக்க, பின்னால் ஒன்று வந்தாக வேண்டும் அல்லவா?

மாதம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போய் ஒரு சொட்டு எடுத்துவந்தேன். முதல் தடவையே கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையேடா?"

"எல்லாம் சுத்தமா இருக்குக்கா."

அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் சாப்பாடு தங்கவில்லை. அத்தான் வாயுத் தொல்லை என்றார். நானும் ஆமாம் என்றேன். பதினான்காம் மாதம் கண் மஞ்சளானது, மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஈரல்வரை பரவிவிட்டதாகச் சொன்னார்கள். அந்தத் தேதியை எழுதிக்கொண்டேன். கட்டிலுக்கடியில் வாந்திப் பாத்திரம். அறை முழுக்கப் புளித்த நாற்றம். மூச்சை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவளே விரலை நீட்டினாள், இதற்காகத்தான் வந்திருப்பேன் என்று நினைத்திருப்பாள். எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அடுத்த மாதம் போய்விட்டாள்.

பதிவேட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் என் ஆய்வக உதவியாளர்.

"சார், இது உங்க அக்காதானே?" என்றாள்.

ஆமாம் என்றேன். அன்றிலிருந்து நான் தொட்ட குழாயைக் காகிதத்தால் பிடித்துத்தான் திறந்தாள். சாப்பாட்டு டப்பாவை என் மேசைப்பக்கம் கொண்டுவருவதில்லை. பிறகுதான் உங்களிடம் புகார் கொடுக்க வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, சின்ன வயது.

பட்டை பதினான்கு மாதம் முந்துகிறது என்று நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை சரியானது. அதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை, நீங்களே சரிபார்க்கலாம். தெரிந்தேதான் அவளைச் சாகவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வலிக்குமே என்று ஒருமுறைகூட மனசு உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். உறுத்தியது. அதனால்தான் இருப்பதிலேயே மெல்லிய ஊசியாகப் பார்த்து எடுத்துப்போனேன்.