வியாகுலம் நினைவுச் சுழற்கோப்பை

ஹலோ... ஆமா... ஆமாம்மா, லூர்து மேரி நம்பருதான். நீ யாரு?... ஆஸ்லினா? தங்கச்சிமடத்துலருந்தா! சொல்லும்மா, சொல்லு. நம்மூரு ஆளு போன் பண்ணி எம்புட்டு நாளாச்சு...

அவகிட்ட குடுக்க முடியாதும்மா. எறந்து போனா. போன தவக்காலத்துல... ம்... ம்... என்னது, "அவங்களுமா"ன்னா? வேற யாரும்மா செத்தது?

யாரு?... புட்பால் வியாகுலமா!... ஏம்மா, யாரு சொன்னா உனக்கு?... கோயில்ல துக்கமணி அடிச்சாகளா. சரி... அது வந்து... என்ன கோப்பை? அவம் பேருலயா? நினைவுச் சுழற்கோப்பையா!

ஐயோ, சிரிக்காம என்னம்மா செய்யிறது. இரு, இரு, நான் சொல்றதக் கேளு. நாந்தாம்மா அந்த... ஏய்... அழுகுறியா? எதுக்கும்மா அழுகுற?... உங்க அய்யா சொன்னாகளா? எந்த கோலு?... ஆமா... ஆமா, தொண்டி டீமோட. வெறுங்காலு. மழை வேற... அத இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காகளா உங்க அய்யா?...

நானா?... நான்... அவருக்குத் தம்பி மாதிரின்னு வச்சுக்கயேன். கேளும்மா, என்ன வேணும்?

அவரப் பத்தி மைக்குல வாசிக்கவா? எழுதிக்க. லெப்ட் விங். கடக்கரை மணல்ல ஓடுன காலு, புல்லுத் தரையில விட்டா பிடிக்க முடியாது. மெட்ராஸ்ல ஒரு கம்பெனி டீமுக்குக் கூட்டிட்டுப் போனாக. அங்க முட்டி போச்சு. திரும்பி வந்து விசைப்படகுல ஏறிட்டான்... இல்ல, இல்ல, வருத்தம்னு எழுதாத. இருந்துச்சு. ஆனா எழுதாத.

பிடிச்ச பாட்டா?... பைலா! சிங்களத்து ஆட்டப்பாட்டு, சிலோன் ரேடியோவுல போடுவான். ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாது. அந்தத் தாளம் மனசுக்குள்ள ஓடும், அதுக்குத்தான் காலு ஓடும். கோலு போட்டா கொடிக் கம்பத்துக்கிட்ட ஒரு ஆட்டம் ஆடுவேன் பாரு... ஆடுவாரு. ஆடுவாருன்னு சொன்னேன். லூர்து மேரி தலையில அடிச்சுக்குவா. இப்ப ரேடியோ கெடக்கு. தனியா உக்காந்து கேக்க முடியல. நிறுத்திப்புடுவேன்.

ம்?... பந்த உதைச்சுத் தொடங்கி வைக்க, செத்தவுக வீட்டு ஆளா?... மகனுக்கு லீவு கெடைக்காதும்மா, துபாய்ல இருக்கான். நான் வாரேன். ஞாயித்துக்கிழமைதான? உதைக்கிறேன், நல்லாவே உதைப்பேன்... மைக்குல சொல்ல எம் பேரா?...

பேரு... வியாகுலம்.

இல்லம்மா. அவரு பேரு இல்ல, எம் பேரு. நாந்தான்... கத்தாத. நான் சாகலம்மா. மணி அடிச்சது என் வீட்டுக்காரி லூர்து மேரிக்கு, சனம் எனக்குன்னு நெனச்சிருச்சு. அவ போனப்புறம் அந்த வீட்டுல இருக்க முடியல. ராமநாதபுரத்துல மகன் வீடு பூட்டிக் கெடந்துச்சு, இங்கன வந்துட்டேன். யாரும் தேடல, நானும் சொல்லல... ஏமாத்தணும்னு இல்லம்மா. நீ அழுதியா... எனக்காக ஒருத்தி அழுகுறாளேன்னு... யாருகிட்ட குடுக்குற?

ம்... கமிட்டித் தலைவரா? சொல்லுங்க டெனிஸ் தம்பி... ஆமா, உசிரோடதான் இருக்கேன்... பாம்பன் வரைக்கும் பிளக்ஸ் வச்சாச்சா? மாலை போட்டு, வெளக்கு வச்சு... அடப்பாவிகளா, எந்த போட்டோ?... ம்... ம்... ஆமா, உசிரோட இருக்கவனுக்கு நினைவுக் கோப்பை வச்சா சனம் சிரிக்கும்தான்... எடுத்துறாதீக தம்பி! பேர எடுத்துறாதீக. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

...வர வேணாமா?

...ஞாயித்துக்கிழமை மட்டுமா... சரி... சரி தம்பி. எனக்கு வெளங்குது. வரல.

ஒண்ணு மட்டும்... ஜெயிச்சது யாருன்னு ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்க, அந்தப் பிள்ளைய. எந்த நேரம்னாலும் பரவால்ல, நான் எடுப்பேன்... ஹலோ?... தம்பி?... ஹலோ...