முதல் மழைக்குப் பிறகு தீ

சுல்மிரா: வாசல்லயே நிக்காதடி, நனையுற. பூப் பறிக்கிறவங்க எல்லாருக்கும் பொதுவான குகைதானே இது. உள்ள வா.

டால்வா: இருக்கட்டும்க்கா. மழை விட்டதும் போயிடுவேன். கோவேறு கழுதையைத் தேடிக்கிட்டு வந்தேன்...

சுல்மிரா: உன் கழுதையா? கீழ ஓடைக்கிட்ட கட்டிக் கிடக்கு. நீ கட்டினாத்தான் அப்படி ரெட்டை முடிச்சு விழும்.

டால்வா: அதையும் பார்த்துட்டியா...

சுல்மிரா: ஒன்பது வருஷமா வாய் திறக்காதவ, பொய்யோட ஆரம்பிக்கிறா! காலையில நான் மாடு ஓட்டிக்கிட்டு ஏறினதைப் பார்த்துட்டுதானே பின்னாடியே வந்தே? உட்காரு. அட, அதே பாவாடையா?

டால்வா: மலைக்குன்னா இதான். கல்லுலயும் முள்ளுலயும் புதுசா கட்டுவாங்க?

சுல்மிரா: ஓரத்துல அந்த ஒட்டு இன்னும் பிரியலையே.

டால்வா: அம்மா தச்சது. எங்க பிரியும்?

சுல்மிரா: ம்... அம்மா.

டால்வா: விறகு காஞ்சிருக்கே. நீ வச்சதா?

சுல்மிரா: போன பருவத்துல தங்கினவங்க யாரோ. அடுத்து வர்றவங்களுக்கு வச்சுட்டுத்தானே இறங்கணும். இந்தா தீப்பெட்டி. பத்த வை, காப்பி போடலாம்.

டால்வா: நீயே வையேன்.

சுல்மிரா: நானா? நான் குச்சியைத் தொட்டா எஸ்பின்யாசு மலையே பதறுமே!

டால்வா: கிண்டல் பண்ணாதக்கா.

சுல்மிரா: கிண்டலா? போன வாரம் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தப் போனேன். சின்னப் பிள்ளை கையிலேருந்து புடுங்குற மாதிரி வாங்கி வச்சுட்டாங்க... சரி, சொல்லு. எதுக்கு வந்தே?

டால்வா: முதல் மழை விழுந்துடுச்சில்ல. நாளைக்குப் பூக்காட்டைக் கொளுத்தணும்.

சுல்மிரா: வருஷா வருஷம் நடக்கிறதுதானே. மண்ணு ஈரமா இருந்தா மேல்புல்லு மட்டும் எரியும், வேரு பிழைச்சுக்கும். அப்புறம் வாடாப்பூ தழைச்சு நிக்கும். எனக்கே பாடமா?

டால்வா: இந்த வருஷம் தீ வைக்க என்னைச் சொல்லியிருக்காங்க.

சுல்மிரா: அடேயப்பா! என் தங்கச்சிக்குப் பந்தம் பிடிக்கிற மரியாதை வந்தாச்சு. அதுக்கு ஏண்டி மூஞ்சி இப்படி?

டால்வா: என்னால முடியாதுக்கா. பாரு, இந்தக் குச்சியைக்கூட...

சுல்மிரா: குடு இங்க... ம், பத்திக்கிச்சு. ஊது.

டால்வா: ஒன்பது வருஷம் முந்தி, மழைக்கு முன்னாடியே காடு எரிஞ்சுது. வேரோட போச்சு. மூணு வருஷம் ஒரு பூ இல்ல. ஊரே டியமன்டினா சந்தைக்கு வெறுங்கையோட...

சுல்மிரா: பழசை ஏண்டி கிளறுற? நான்தான் வச்சேன்னு ஒத்துக்கிட்டேன். முடிஞ்சுது.

டால்வா: ஏன் ஒத்துக்கிட்டே?

சுல்மிரா: தீப்பெட்டி அந்த வருஷம் என் பொறுப்பு. வேற யாரு தலையில விழும்? வெல்லம் போதுமா பாரு.

டால்வா: பேச்சை மாத்தாத. அக்கா... அதை வச்சது நான்.

சுல்மிரா: தம்ளரை நீட்டு, ஊத்துறேன்.

டால்வா: என் கல்யாணம் நெருங்கிடுச்சு, கையில காசில்ல. முந்திக் கொளுத்தினா பூ முந்தி வரும்னு நினைச்சேன். உன் பெட்டியிலேருந்து ஒரே ஒரு குச்சி. கீழ்ச்சரிவுல ஒரு பாய் அகலம்தான் வச்சேன். காத்து... காத்து திரும்பிடுச்சு. அப்புறம் உன் மூஞ்சியில முழிக்கவே முடியலை.

சுல்மிரா: காப்பியைக் குடி. ஆறுது.

டால்வா: நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். சொல்லிட்டுப் பந்தத்தை உன் கையில குடுப்பேன். நீ வரணும்.

சுல்மிரா: அதுக்கப்புறம் உன் கையில ஒருத்தரும் குச்சி குடுக்க மாட்டாங்க. யோசிச்சியா?

டால்வா: யோசிச்சுட்டுத்தான் மலையே ஏறினேன்... நீ ஏங்க்கா திட்டலை? ஒரு வார்த்தை... அதிரக்கூட இல்லையே நீ?

சுல்மிரா: மழை விட்டுடுச்சு. வா, கழுதையை அவிழ்த்துக்கிட்டு ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கலாம்... அந்த ஒட்டு இருக்கே, அன்னைக்குத் தீயில பொசுங்கின ஓட்டை மேல போட்டது. அம்மாவுக்கு அப்பவே ஊசி கோக்கக் கண்ணு தெரியாதேடி.