கயிற்றில் படர்ந்த உயிருக்குச் சரியான பெயர்

அவையை அழகுற நடத்தும் தலைவர் தம்புசாமி அவர்களே! செலண்டாரிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பெருமையை முகத்திலும் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

தங்கா பத்துக் கரையில் உள்ள சிறிய கடலுயிர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளன் ஹரிதாஸ் நான். பவானேஸ்வரியைப் பாராட்ட அழைத்தீர்கள். பாராட்டுமுன் என் பிழையைச் சொல்லியாக வேண்டும்.

செலண்டார் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெரியநாயகி அம்மாளின் மகள் இவர். எங்கள் கூடத்தில் மாதிரிகளைக் கழுவிப் பெயர்ச்சீட்டு ஒட்டும் உதவியாளர். ஓராண்டு ஒப்பந்தம், அதுவும் முடியும் தறுவாயில் இருந்தது. கடந்த மார்ச்சில், படகுத்துறைக் கயிற்றில் படர்ந்திருந்த மஞ்சள் நிற வழவழப்பு ஒன்றைப் பெயர்த்து வந்தார். பார்த்தேன், பார்த்த கணமே தீர்ப்பு!

"ஸ்பாஞ்ச்லா, கடற்பஞ்சு. எழுதிடுங்க."

"சார், பூ பூவா இருக்கு சார். ஒவ்வொரு இதழுக்கும் தனியா வாய் இருக்கு. ஸ்பாஞ்ச் இப்படி இருக்காதுலா."

"இருபது வருஷமா பாக்குறேன்மா. நாளைக்கு நம்ம கரை உயிர்ப் பட்டியல் பிரிண்டிங்."

கோபப்பட்டாரா? இல்லை. குறைபட்டுக்கொண்டாரா? இல்லை. கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் ஊற்றி, அந்தத் துண்டை அதில் வாழவிட்டார்.

மறுநாள் காலை, வெயில் சன்னலில் ஏறிய வேளை. "சார், ஓடி வாங்க!" என்று குரல். மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். என்ன கண்டேன்? ஒவ்வோர் இதழும் ஓர் உயிர்! ஒவ்வோர் உயிருக்குள்ளும் ஒரு குட்டி இதயம்! இரத்தம் ஒரு திசையில் ஓடியது, நின்றது, பின்பு எதிர்த்திசையில் ஓடியது! கடற்பஞ்சுக்கு இதயம் ஏது? இரத்தம் ஏது? தொட்டியிலோ தலைப்பிரட்டை போன்ற குஞ்சுகள் வாலை ஆட்டி ஆட்டி நீந்தின. அந்த வாலுக்குள் ஒரு தண்டு! தாய் வயிற்றில் நமக்கு முதுகெலும்பு முளைக்குமுன் தோன்றுகிறதே, அதே முதுகுநாண்!

அந்தக் குஞ்சு சிறிது நேரமே நீந்தும். பிறகு தலையால் ஓரிடத்தில் ஒட்டும்; வாலைத் தனக்குள் கரைக்கும்; அரும்பும், அரும்பி அரும்பி ஒரு கூட்டமே ஆகும். அத்தனைக்கும் ஒரே உறை, ஒரே இரத்தக்குழாய் வலை. முதுகுநாணிகள் என்னும் பெருந்தொகுதி. அதில் உறையுடலிகள் என்னும் பிரிவு. அதற்குள் பொட்ரில்லஸ் என்னும் பேரினம். பஞ்சுக்கு அல்ல ஐயா, மீனுக்கும் நமக்கும் அது உறவு!

என்ன அண்ணே கேட்கிறீர்கள் அங்கே? சம்பால் குழம்பு வைக்கலாமா? உறவென்று இப்போதுதானே சொன்னேன்!

உடனே, அச்சகம் நடத்தும் கோமளாவுக்குப் போன் போட்டேன்.

"இருபது பக்கம் ஓடிடுச்சு சார்."

"ஸ்பாஞ்ச் பக்கம்?"

"அடுத்தது அதான்."

"நிறுத்துங்கம்மா!"

இயந்திரம் நின்றது. மூச்சு வந்தது. திரும்பி, "என் தப்பு பவானேஸ்வரி" என்றேன்.

"பரவால்ல சார். தப்பான பேர்ல போயிருந்தா, நாளைக்கு இதத் தேடி வர்றவங்களுக்கு இது இங்க இருக்குன்னே தெரியாதுலா."

தன் பெயரைப் பற்றி ஒரு சொல் சொன்னாரா? சொல்லவில்லை! ஆனால் நாங்கள் அச்சிட்டோம்: 'இனங்கண்டவர், பெ. பவானேஸ்வரி.' ஒப்பந்தம் முடிந்த மறுநாளே நிரந்தரப் பணியும் தந்தோம். இப்போது நான் எழுதும் ஒவ்வொரு பெயர்ச்சீட்டும் அவர் மேசைக்குப் போகிறது. அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் ஒட்டப்படுகிறது. அதில் எனக்கு வெட்கமில்லை, நிம்மதி!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பெற்றுத் தந்த அம்மாவுக்கும் என் நன்றியும் வணக்கமும். ஒலிவாங்கியை விட்டு விலகுகிறேன். பவானேஸ்வரி, மேடைக்கு வாருங்கள். நான் சொன்னதில் தவறிருந்தால், எல்லார் முன்னிலையிலும் திருத்துங்கள்!