விசிறிச் சாவி

அறுபத்தொரு மணி நேரம். எங்கள் குளிர்பெட்டி அறைச் சூட்டிலிருந்து முழுக் குளிருக்கு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். மாமியார் வீட்டுக்கு முதல்முறை போகிற மருமகள்கூட அத்தனை தயங்க மாட்டாள் என்பார் ஐஸ் அண்ணன்.

அவர்தான் எங்களுக்குத் திரவ நைட்ரஜன் நிரப்பிக் கொடுப்பவர். எனக்கு மில்லிவாட் என்று பெயர் வைத்தவரும் அவரே. அதற்குக் காரணம் என் வேலை. குவாண்டம் கணினியில் கணக்குப் போடும் க்யூபிட்டுகள் அந்தப் பெட்டியின் அடியில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து கம்பி இழுத்து ஆணை கொடுப்பது வழக்கம். நூறு என்றால் சமாளிக்கலாம். லட்சம் என்றால் கம்பி வழியாக இறங்கும் சூடே பெட்டியைக் கெடுத்துவிடும். ஆகவே ஆணை கொடுக்கும் சில்லையே குளிருக்குள் வைக்க வேண்டும். அது துளி சூடானாலும் க்யூபிட்டுகள் கோபித்துக்கொள்ளும். நான் நாள் முழுக்க மில்லிவாட் கணக்குத்தான் பேசுவேன். வேறு எதுவும் அதிகம் பேசமாட்டேன்.

"என்ன மில்லிவாட், வாயத் தொறந்தா சூடாயிடுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். எனக்குச் சிரிக்க மட்டும் வரும்.

பெட்டிக்குக் கீழே ஆள் ஆழத்துக்கு ஒரு குழி உண்டு. ஹீலியத்தைச் சுத்தம் செய்யும் குடுவை அங்கே இருக்கிறது. அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன் வற்றாமல் இருக்க வேண்டும். வற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், பெட்டி சூடாகும், மறுபடி அறுபத்தொரு மணி நேரம். நைட்ரஜன் ஆவியாகிக் குழியில் தேங்கினால் அங்கே மூச்சுக்குக் காற்று இருக்காது. அதை இழுத்து வெளியேற்ற ஒரு விசிறி. ஆனால் விசிறியின் அதிர்வு அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் அளக்கும்போது நிறுத்திவிடுவோம். குளிரூட்டியின் டக் டக் சத்தத்தில் அது ஓடுகிறதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நிறுத்தியவர் விசிறிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். யார் கழுத்திலாவது சாவி தொங்கினால் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

அன்று என் சில்லுக்கு மூன்றாவது சோதனை. இதிலும் தவறினால் கம்பிக்கே திரும்பிவிடலாம் என்று குழுத்தலைவி சொல்லியிருந்தார். மூன்று மணி நேரம் விடாமல் பிழைகளை எண்ண வேண்டும். இரண்டு மணி இருபது நிமிடம் ஆனபோது குடுவையில் மட்டம் இறங்கியது. விசிறியைப் போட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும்.

நான் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை, ஐயா. இரண்டு லிட்டர் ஊற்றினால் எவ்வளவு ஆவியாகும், குழியில் எவ்வளவு காற்று மிஞ்சும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். தாராளமாக மிஞ்சியது. முன்பே தேங்கியிருந்ததைச் சேர்க்க விட்டுப்போயிற்று. கணக்கு சரி. ஆரம்ப மதிப்புதான் தவறு.

அண்ணன் தானாகக் குழியில் இறங்கினார் என்று உங்கள் விசாரணை அறிக்கை சொல்கிறது. இல்லை, அந்த இரண்டு லிட்டரை ஊற்ற நான்தான் கூப்பிட்டேன்.

கேமராவில் அவர் ஏணிப்படியில் உட்கார்வது தெரிந்தது. அவருக்கு முட்டி வலி உண்டு, அதனால் உட்கார்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். எண்ணிக்கை முடிய இருபத்தாறு நிமிடம் இருந்தது. ஒரு கை மட்டும் சிறிது நேரம் படியைத் தட்டிக்கொண்டிருந்தது. அபாய மணி அடிக்கவில்லை. அதன் உணரி மேலே சுவரில் இருக்கிறது. மணி அடித்திருந்தால் எழுந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். அந்த இருபத்தாறு நிமிடமும் பிழை விகிதம் அவ்வளவு அழகாக இறங்கியது. இப்போது நான்கு ஆய்வகங்கள் என் சில்லைக் கேட்டிருக்கின்றன. அண்ணன் இருந்திருந்தால் கேலி செய்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்.

நேற்று அண்ணி வந்திருந்தார், உங்கள் அறிக்கையின் நகலோடு.

"கேக்காம போனாருன்னு எழுதியிருக்காங்களேம்மா. சொந்த வீட்டு ரூமுக்கே கதவத் தட்டிட்டு வர்ற மனுஷன்மா அவரு. பிள்ளைங்க கேலி பண்ணும். அவரு போய்க் கேக்காம எறங்குவாரா?"

"தெரியலையே அண்ணி," என்றேன்.

"ஒருவேள அவசரமோ என்னவோ," என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. அறிக்கையில் தவறான தகவல் நிற்கக் கூடாது. அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள், மற்றபடி எல்லாம் சரியாகவே இருக்கிறது.

அண்ணன் கேட்டார். என் மேசைக்கே வந்து, என் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். சாவியை அதற்கு முன்பே சட்டைக்குள் போட்டுவிட்டிருந்தேன்.

"விசிறி ஓடுதா மில்லிவாட்?"

"ஓடுதுண்ணே," என்றேன்.